நம்பர் எடுக்கலாமா, அண்ணாச்சி?

(கோவில்பட்டியில் சிறு வணிகர்களும் வீட்டுத் தொழில் செய்வோரும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில், வணிகவரித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்.)



உள்ளே வரும்போது வாசலில் ஒரு அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், பேசி முடிச்சதும் எங்க பேரையெல்லாம் குறிச்சிட்டுப் போயிருவீங்களா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் பிடி கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. பயப்பட வேண்டாம். நான் ஓய்வு பெற்று நாளாகிறது. என் பேனாவில் மை இருக்கிறது, முத்திரைதான் இல்லை.

அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் கிடையாது. நம் ஊரில் "நம்பர் எடுப்பது", அதாவது வியாபாரத்தை வரிக்குப் பதிவு செய்வது என்றாலே, சர்க்காரின் வலையில் தலையை விடுவது என்று ஒரு நினைப்பு உண்டு. நம்பர் இருந்தால் ஆபீசர் வருவார், இல்லாவிட்டால் நாம் இருப்பதே அவருக்குத் தெரியாது. நான் சட்டைக் கையை மடித்துவிட்டு வேலை பார்த்த காலத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் எங்களுக்கும் கிட்டத்தட்ட இதே நினைப்புதான். பதிவு என்றால் ஆளைப் பிடித்தாகிவிட்டது என்று அர்த்தம். இருபுறமும் ஒரே தப்பான கணக்கை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறோம்.

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், சுருக்கமாக. 1937-இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தபோது சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குக் கொண்டுவந்தார். கள்ளு, சாராய வருமானம் போனது. கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939-இல் பொது விற்பனை வரி வந்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல். ஆக, குடிக்காதவனும் கட்டுகிற வரி, குடியை நிறுத்தியதால் பிறந்தது. 1959-இல் புதுச் சட்டம் வந்தது. அதில் பல சரக்குகளுக்கு, மாநிலத்துக்குள் முதல் விற்பனை நடக்கும்போது ஒரே தடவை வரி. அதற்குப் பிறகு அந்தச் சரக்கு பத்துக் கை மாறினாலும் வரி இல்லை. பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும், "செகண்ட் சேல்ஸ்" என்று சொல்வோம். கடைக்காரரின் வேலையெல்லாம், 'இது எனக்கு முன்னாலேயே வரி கட்டிய சரக்கு' என்று நிரூபிப்பதுதான். எங்கள் வேலையெல்லாம் அதை நம்பாமல் இருப்பதுதான்.

மதிப்புக் கூட்டு வரி அந்த விளையாட்டையே மாற்றியது. 1954-இல் பிரான்சில் மொரீஸ் லோரே என்ற வரி அதிகாரி வகுத்த முறை. நம் நாட்டில் 2003-இல் அரியானா ஆரம்பித்தது, 2005 ஏப்ரலில் பெரும்பாலான மாநிலங்கள் சேர்ந்தன. தமிழ்நாடு யோசித்து யோசித்து 2007 ஜனவரி 1-ஆம் தேதிதான் 'வாட்' பக்கம் வந்தது. 2017 ஜூலை 1-இல் அதுவே ஜிஎஸ்டி ஆனது. பெயர் மாறியதே தவிர உயிர் அதேதான். ஜிஎஸ்டி என்பது நாடு முழுவதற்குமான ஒரு மதிப்புக் கூட்டு வரி. பழைய வாட் செத்துப்போய்விட்டது என்றும் நினைக்காதீர்கள். பெட்ரோல் பங்கிலும் டாஸ்மாக்கிலும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ராஜாஜி எதை ஈடுகட்ட விற்பனை வரி கொண்டுவந்தாரோ, அந்தச் சாராயம் இன்றைக்கு விற்பனை வரியின் பெரிய வாடிக்கை. அதை விடுங்கள்.

இப்போது அந்தக் கரும்பலகையைப் பாருங்கள். ஒரு மேசை மின்விசிறியை எடுத்துக்கொள்வோம். 18 சதவீத வரி.

தயாரிப்பவர் 1,000 ரூபாய்க்கு விற்கிறார். வரி 180. மொத்த வியாபாரி அதில் 300 ரூபாய் வைத்து 1,300-க்கு விற்கிறார். வரி 234. ஆனால் அவர் ஏற்கெனவே வாங்கும்போது 180 கொடுத்துவிட்டார். அதைக் கழித்துக்கொண்டு 54 ரூபாய் மட்டும் கட்டுகிறார். கடைக்காரர் இன்னொரு 300 வைத்து 1,600-க்கு விற்கிறார். வரி 288. கொடுத்த 234-ஐக் கழித்தால் அவர் கட்டுவதும் 54. மூன்று பேர் கட்டியதைக் கூட்டுங்கள்: 180, 54, 54. மொத்தம் 288. வீட்டுக்கு வாங்கிப்போகிறவர் 1,888 ரூபாய் கொடுக்கிறார். அந்த 288-ஐயும் அவர்தான் சுமக்கிறார். நடுவில் இருக்கிற மூவரும் தண்ணீர் வாளியைக் கைமாற்றிக் கொடுத்தவர்கள் மாதிரி. கை நனையும், தாகம் அவர்களுடையது இல்லை.

இதில் நடுவில் நிற்கிற மொத்த வியாபாரிக்கு மட்டும் நம்பர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,180 கொடுத்து வாங்கினார். 180-ஐக் கழிக்க வழியில்லை, அது அவருக்கு அடக்கவிலையிலேயே போய்விட்டது. அதன்மேல் 300 வைத்தால் 1,480. கடைக்காரர் அதில் 300 வைத்து 1,780-க்கு விற்கும்போது வரி 320 ரூபாய் 40 காசு. வாங்குகிறவர் கையிலிருந்து போவது 2,100 ரூபாய் 40 காசு. அதே மின்விசிறி, அதே லாபம், 212 ரூபாய் அதிகம். வரிக்கு வரி ஏறிவிட்டது. அந்தக் கடைக்காரர் இவரிடம் மறுபடி வாங்குவாரா? மாட்டார். சர்க்கார் இவரைத் தேடி வர வேண்டியதே இல்லை, வியாபாரமே இவரை விட்டுப் போய்விடும்.

இன்னொரு விதமாகப் பாருங்கள். நடுவில் இருப்பவருக்கு நம்பர் இருக்கிறது, கடைசியில் இருக்கிற கடைக்காரருக்குத்தான் இல்லை. அவர் 1,534-க்கு வாங்குகிறார். 300 வைத்து 1,834-க்கு விற்கிறார். நம்பர் வைத்திருக்கிற பக்கத்துக் கடையில் 1,888. இவரிடம் 54 ரூபாய் மலிவு! வாங்குகிறவர் வீட்டுக்காரர், அவருக்குப் பில்லில் எதையும் கழிக்க வேண்டியதில்லை. இந்த ஆளுக்கு நம்பர் இல்லாததே லாபம்.

நம்பர் எடுக்கலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எல்லை எவ்வளவு சார்?" என்றுதான். எல்லையைச் சொல்கிறேன், ஆனால் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, உங்களிடம் வாங்குகிறவர் யார்? வியாபாரியா, வீட்டுக்காரரா? வியாபாரி என்றால் எல்லைக்குக் காத்திருக்காதீர்கள். வீட்டுக்காரர் என்றால் அவசரப்படாதீர்கள்.

இதை நான் சட்டப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் மதினி வழியாகத் தெரிந்துகொண்டேன். அண்ணன் தவறிய பிறகு மதினி வீட்டில் நாலு தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்து விற்றுவந்தார். வருஷத்துக்கு எட்டு, ஒன்பது லட்சம் ஓடும். "கொழுந்தனாரே, நம்பர் எடுக்கணுமா?" என்று என்னிடம்தான் கேட்டார். நான் பெரிய ஆபீசர் இல்லையா? "எல்லைக்குப் பக்கத்துலகூட நீங்க இல்லை மதினி, எதுக்கு மாசாமாசம் தலைவலி?" என்று சொல்லிவிட்டேன். அந்த வருஷமே ஒரு நூற்பாலையில் தொழிலாளர்களுக்குச் சீருடை தைக்கக் கேட்டார்கள். துணி பார்த்தார்கள், தையல் பார்த்தார்கள், விலையும் ஒத்துப்போனது. கடைசியில் கணக்குப் பிரிவில் இருந்த பையன், "அம்மா, ஜிஎஸ்டி நம்பர் சொல்லுங்க" என்றான். இல்லை என்றதும் அவனே வருத்தப்பட்டானாம். நம்பர் இல்லாத ஆளின் பெயரை அவர்கள் கணினியில் ஏற்றவே முடியாதாம். ஆர்டர் வேறு ஊருக்குப் போனது. மதினி என்னைக் குறை சொல்லவில்லை. பொங்கலுக்குப் போயிருந்தபோது இலையில் நெய் ஊற்றிக்கொண்டே, "ஆலைக்காரனுக்கு எதுக்குக் கொழுந்தனாரே என் நம்பரு?" என்று மட்டும் கேட்டார். அந்த நெய் எனக்கு இறங்கவில்லை. சட்டம் பூராவும் தெரிந்த எனக்கு, அவரிடம் வாங்கப்போகிறவர் யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

சரி, எல்லைக்கு வருகிறேன். சரக்கு மட்டும் விற்கிறவர்களுக்கு ஒரு நிதியாண்டில் 40 லட்சம் ரூபாய். 2019 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் இதுதான். சேவை செய்கிறவர்களுக்கு 20 லட்சம். ரிப்பேர் கடை, அழகு நிலையம், கேட்டரிங், வாடகைக்கு விடுவது எல்லாம் சேவையில் வரும். ஐஸ்கிரீம் தயாரிப்பவர்கள், செங்கல் சூளை வைத்திருப்பவர்கள் சரக்கு விற்றாலும் அவர்களுக்கு 40 கிடையாது, 20-தான்.

கேட்க எளிதாக இருக்கிறது. மாட்டிக்கொள்வது எங்கே என்றால், இந்த 40-ஐ எதைக் கூட்டிப் பார்ப்பது என்பதில்தான். லாபத்தை இல்லை, மொத்த விற்பனையை. வரி இல்லாத சரக்கையும் சேர்த்து. ஒரு பலசரக்குக் கடையில் காய்கறியும் சில்லறை அரிசியும் 35 லட்சத்துக்கு ஓடுகிறது, அதற்கு வரியே இல்லை. சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் ஆறு லட்சம். "வரி உள்ள சரக்கு ஆறு லட்சந்தானே" என்று அண்ணாச்சி நிம்மதியாக இருப்பார். கூட்டினால் 41. எல்லை தாண்டியாயிற்று. ஆனால் காய்கறி மட்டுமே விற்கிறவர் கோடி ரூபாய்க்கு விற்றாலும் பதிவு தேவையில்லை. விற்பது முழுக்க வரி இல்லாத சரக்கு என்றால் சட்டம் அவரைத் தொடாது.

இன்னொரு குழி. கடையில் 30 லட்சம் ஓடுகிறது, எல்லைக்குள்தான். ஆனால் மாடியை ஒரு டியூஷன் சென்டருக்கு மாதம் பத்தாயிரத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். வியாபாரத்துக்கு இடம் விடுவது சேவை. சரக்கு மட்டுமே விற்கிறவர் என்ற அந்தஸ்து போய்விட்டது. அந்த 40 அவருக்கு 20 ஆகிவிடுகிறது. மாடி வாடகை அவரை மாட்டிவிடும் என்று யாராவது கனவு காண்பார்களா? கணக்கு பான் கார்டை வைத்துத்தான். மெயின் ரோட்டில் ஒரு கடை, பஸ் ஸ்டாண்டில் ஒரு கடை என்று ஒரே பெயரில் இருந்தால் இரண்டும் ஒன்றுதான்.

"இதெல்லாம் அவங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்று யாரோ முணுமுணுக்கிறது கேட்கிறது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் என்ன நடந்தது என்று பேப்பரில் பார்த்திருப்பீர்கள். பேக்கரி, டீக்கடை, சின்னச் சின்ன ஸ்டால்காரர்களுக்கு எல்லாம் நோட்டீஸ். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டை வழியாக வந்த பணத்தைக் கூட்டிப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு 29 லட்சம் ரூபாய் கட்டச் சொல்லி நோட்டீஸ். காய்கறிக்கு வரி இல்லை என்று இப்போதுதான் சொன்னேன். அவருக்கு நோட்டீஸ் போனதே தப்பு. ஆனால் பதில் சொல்ல அவரிடம் ஒரு கணக்கு இருக்க வேண்டாமா? இதைப் பார்த்துவிட்டு க்யூஆர் அட்டையைக் கிழித்துப் போடுவது சரியான பாடம் இல்லை. ஒரு பேரேடு போடுங்கள். வரி உள்ளது, வரி இல்லாதது என்று இரண்டு பத்தி. தினம் கடை அடைக்கும்போது கால் மணி நேரம் போதும்.

இனி நம் ஊர் மிட்டாய்க்கு வருகிறேன், அதைப் பேசாமல் போனால் நீங்கள் விடமாட்டீர்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். குறியீடு வந்ததும் வெளியூரிலிருந்து கேட்கிறார்கள். இங்கே வீட்டில் பாகு காய்ச்சி விற்கிற ஆச்சிமார்கள் மூன்று நாலு பேரைப் பார்க்கிறேன். வருஷத்துக்கு ஐந்து லட்சம் ஓடினால் பெரிது. எல்லை 40, நாம் எங்கே என்று இருப்பீர்கள். ஆனால் பெங்களூரில் இருந்து ஒருவர் போன் பண்ணி, பணம் போட்டுவிட்டு, "ரெண்டு கிலோ பார்சல் அனுப்புங்க" என்றால், அந்தப் பார்சல் மாநில எல்லையைத் தாண்டும் சரக்கு. வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கிறவருக்கு 40 லட்சம் என்ற எல்லையே கிடையாது. முதல் பெட்டிக்கே நம்பர் வேண்டும். கைவினைப் பொருள்களுக்கு இதில் விலக்கு இருக்கிறது. மிட்டாய் கையால் செய்தாலும் அந்தப் பட்டியலில் இல்லை. அதே பெங்களூர்க்காரர் ரயிலுக்கு வந்த வழியில் உங்கள் கடையில் நின்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனால் அது உள்ளூர் விற்பனை, ஒரு பிரச்சினையும் இல்லை. மிட்டாய் அதே மிட்டாய்தான், போவதும் அதே பெங்களூர்தான். யார் சுமந்தது என்பதில் சட்டம் நிற்கிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை, நான் பதவியில் இருக்கும்போதும் படவில்லை. சேவைக்கு மட்டும் வெளிமாநிலம் என்றாலும் 20 லட்சம் வரை விட்டுவிடுகிறார்கள். ஒரு கம்ப்யூட்டர் தம்பிக்குக் கிடைக்கிற சலுகை பாகு காய்ச்சுகிற ஆச்சிக்கு இல்லை.

வரி விகிதங்களின் கூத்து தனிக் கதை. கடலை மிட்டாய்க்கு முதலில் 18 போட்டு, 2017 நவம்பரில் 5-க்கு இறக்கினார்கள். 2024 செப்டம்பரில் கோவையில் ஓர் உணவக உரிமையாளர் நிதியமைச்சருக்கு முன்னாலேயே, 'பன்னுக்கு வரி இல்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18 சதவீதம், வாடிக்கையாளர் பன்னையும் க்ரீமையும் தனித்தனியாகக் கேட்கிறார்' என்ற பொருளில் பேசி ஊர் சிரித்தது ஞாபகம் இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலும் 5, 18 என்று இரண்டே விகிதம், ஆடம்பரக் கார் மாதிரியானவற்றுக்கு 40 என்று ஒழுங்கு செய்திருக்கிறார்கள். உங்கள் சரக்குக்கு என்ன விகிதம் என்று பதிவு செய்வதற்கு முன்னாலேயே ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவுப் படிவத்திலேயே சரக்கை வகைப்படுத்துகிற எச்எஸ்என் குறியீடு கேட்பார்கள்.

நம்பர் எடுக்கத்தான் வேண்டும் என்று முடிவானால் இரண்டு வழி இருக்கிறது. சாதாரண வழி, மின்விசிறிக் கணக்கில் பார்த்த மாதிரி வரி வாங்கி, கொடுத்ததைக் கழித்து, மிச்சத்தைக் கட்டுவது. மற்றது காம்போசிஷன். ஒன்றரைக் கோடி வரை விற்கிறவர்கள் எடுக்கலாம். வியாபாரிக்கும் தயாரிப்பாளருக்கும் விற்பனையில் 1 சதவீதம், உணவகத்துக்கு 5. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 18-ஆம் தேதிக்குள் கட்டினால் போதும், வருஷத்துக்கு ஒரு ரிட்டன். நிம்மதி. ஆனால் அந்த 1 சதவீதம் உங்கள் கைப்பணம். வாங்குகிறவரிடம் வரி என்று ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது, பில்லிலேயே 'காம்போசிஷன்' என்று எழுத வேண்டும், நீங்கள் வாங்கும்போது கொடுத்த வரியைக் கழிக்க முடியாது, உங்களிடம் வாங்குகிற வியாபாரிக்கும் கழிக்க ஒன்றும் கிடைக்காது, வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. வீட்டுக்காரருக்கு விற்கிற பலசரக்கு அண்ணாச்சிக்கு இது பொருத்தம். பெங்களூருக்கு அனுப்ப நினைக்கிற ஆச்சிக்கு உதவாது. ஆலைக்குச் சீருடை தைக்கிற என் மதினிக்கும் உதவாது. மறுபடி அதே கேள்விதான், வாங்குகிறவர் யார்?

அடுத்து, பெரும்பாலானவர்கள் பணத்தை விடுகிற இடம். கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். தொழிலைப் பெருக்கலாம் என்று ஒருவர் இரண்டு லட்சம் ரூபாய்க்கு பேக்கிங் மெஷின் வாங்குகிறார். 18 சதவீதம் வரி, 36,000 ரூபாய். மெஷின் ஓட ஆரம்பித்து, விற்பனை ஏறி, ஆறு மாதம் கழித்து நம்பர் எடுக்கிறார். நம்பர் எடுக்கும் நாளுக்கு முந்தின நாள் அவர் கையிருப்பில் இருக்கிற மூலப்பொருள், பாதி முடிந்த சரக்கு, முடிந்த சரக்கு எல்லாவற்றுக்கும் கொடுத்த வரியை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதற்குப் பில் இருக்க வேண்டும், ஒரு வருஷத்துக்கு மேல் பழைய பில்லாக இருக்கக் கூடாது, எல்லை தாண்டிய 30 நாளுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். ஆனால் மெஷினுக்கு இந்த இடம் இல்லை. அந்த 36,000 போனது போனதுதான். அதே ஆள் முதலில் தானாக முன்வந்து நம்பர் எடுத்துவிட்டு, மறு வாரம் மெஷின் வாங்கியிருந்தால் அந்த 36,000-ஐக் கழித்துக்கொண்டிருக்கலாம். காம்போசிஷன் ஆளுக்கு இது பொருந்தாது, சாதாரண வழியில் போகிறவருக்குத்தான். மெஷின் கொட்டேஷன் கையில் வைத்திருக்கிற யாராவது இந்தக் கூட்டத்தில் இருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள்.

எல்லை தாண்டினால் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அப்படிச் செய்தால் தாண்டிய நாளிலிருந்தே பதிவு செல்லும். தாமதித்தால் சான்று கொடுத்த நாளிலிருந்துதான் செல்லும், ஆனால் நடுவில் உள்ள நாட்களுக்கும் வரி கேட்பார்கள்.

விண்ணப்பம் ஆன்லைனில்தான், கட்டணம் ஒரு பைசா கிடையாது. ஏஜென்ட் கூலி வாங்கலாம், 'கவர்மென்ட் பீஸ்' என்று வாங்கினால் அது கவர்மென்டுக்குப் போகாது. பான், ஆதார், போட்டோ, இடத்துக்கு ஒரு ஆதாரம். சொந்த இடம் என்றால் சொத்துவரி ரசீது அல்லது மின் கட்டண ரசீது. வாடகை என்றால் ஒப்பந்தமும் இடத்தின் சொந்தக்காரர் பெயரில் உள்ள ஒரு ரசீதும். நம் ஊரில் எல்லாம் நிற்பது இங்கேதான். மின் இணைப்பு தாத்தா பெயரில் இருக்கும். கதவு எண் பழையது, புதியது என்று இரண்டு. நானே ஒரு ஊரில், பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் ஒத்துவரவில்லை என்று ஒரு பெரியவரை மூன்று தடவை நடக்க விட்டிருக்கிறேன். நாலாவது தடவை அவர் வரவில்லை. இப்போதெல்லாம் இடத்தின் உரிமைக்கு ஒரு ஆவணம் போதும், சொந்தக்காரரின் பான், ஆதார், கடைக்குள் எடுத்த போட்டோ என்றெல்லாம் துருவிக் கேட்கக் கூடாது என்று மத்திய வரி வாரியம் 2025 ஏப்ரலில் தன் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. யாராவது கேட்டால் பணிவாக அதை நினைவுபடுத்துங்கள்.

ஆதார் சரிபார்ப்பு முடிந்தால் ஏழு வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இடத்தைப் பார்க்க வர வேண்டியிருந்தால் 30 நாள் வரை ஆகலாம். 2025 நவம்பர் 1 முதல் ஒரு எளிய வழியும் உண்டு. பதிவு பெற்ற வியாபாரிகளுக்கு நீங்கள் விற்கிற சரக்கின் வரி மாதம் இரண்டரை லட்சத்தைத் தாண்டாது என்றால் மூன்று வேலை நாளில் சான்று. நம் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அது போதும்.

வருகிற நம்பர் 15 எழுத்து. முதல் இரண்டு 33, அது தமிழ்நாடு. நடுவில் உங்கள் பான் எண் அப்படியே உட்கார்ந்திருக்கும். சான்றைக் கடையில் மாட்ட வேண்டும், பெயர்ப் பலகையிலும் நம்பரை எழுத வேண்டும். தமிழ்நாட்டு ஆள் தரும் பில்லில் நம்பர் 33-இல் தொடங்குகிறதா, நடுவில் இருக்கிற பான் அந்த ஆளுடையதுதானா என்று ஜிஎஸ்டி இணையதளத்தில் தட்டிப் பாருங்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, இது என் அனுபவத்தில் வந்தது. விண்ணப்பத்தில் ஒரு மொபைல் நம்பரும் மின்னஞ்சலும் கேட்பார்கள். போட்டுக் கொடுக்கிற ஏஜென்ட் வசதிக்காகத் தன்னுடையதைப் போட்டுவிடுவார். நீங்களும் "எனக்கு ஈமெயில்லாம் தெரியாது தம்பி, நீயே பாத்துக்கோ" என்று விட்டுவிடுவீர்கள். விண்ணப்பத்தில் சந்தேகம் என்று ஆபீசர் கேட்டால் ஏழு வேலை நாளில் பதில் சொல்ல வேண்டும். ஏஜென்ட் குற்றாலம் போயிருப்பார். நம்பர் வந்த பிறகும் அதே கதை. ரிட்டன் போடாமல் ஆறு மாதம் போனால் பதிவை ரத்து செய்யலாம், அந்த நோட்டீசும் ஏஜென்ட் மின்னஞ்சலுக்குத்தான் போகும். விற்பனையே இல்லாத மாதத்துக்கும் 'ஒன்றுமில்லை' என்று ரிட்டன் போட வேண்டும். மறந்தால் நாளைக்கு 20 ரூபாய் அபராதம் ஏறிக்கொண்டே போகும். அந்த 'ஒன்றுமில்லை' ரிட்டனை 14409 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பியே முடித்துவிடலாம், ஆனால் பதிவில் இருக்கிற போனிலிருந்துதான் அனுப்ப வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், அங்கே இருப்பது உங்கள் நம்பராக இருக்கட்டும். ஈமெயில் இல்லாவிட்டால் காலேஜ் போகிற பேத்தியிடம் சொல்லி ஒன்று திறந்துகொள்ளுங்கள்.

ஆதார், பான், மின் கட்டண ரசீது மூன்றையும் சேர்த்து யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கடன் வாங்கித் தருகிறேன், வேலை வாங்கித் தருகிறேன் என்பார்கள். கூலி வேலை செய்கிற ஆட்களின் பெயரில் கம்பெனி திறந்து போலிப் பில் போட்டு, கடைசியில் கோடிக்கணக்கில் வரி கட்டச் சொல்லி அந்தக் கூலிக்காரர் வீட்டுக்கு நோட்டீஸ் வந்த கதைகள் நம் மாநிலத்திலேயே நடந்திருக்கின்றன. 2023-இல் நாடு முழுக்க இப்படிப்பட்ட போலிப் பதிவுகளைத் தேடி ஒரு வேட்டையே நடத்தினார்கள். விண்ணப்பத்தில் உங்களை இத்தனை தடவை சரிபார்ப்பதற்கும் சிலரைக் கைரேகை வைக்க நேரில் கூப்பிடுவதற்கும் அந்தத் திருடர்கள்தான் காரணம்.

நேரமாகிவிட்டது, காபி ஆறுகிறது என்று சைகை காட்டுகிறார்கள். அந்த மூலையில் ஒரு மேசை போட்டிருக்கிறார்கள், நான் எட்டரை மணி வரை அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். பெங்களூர் ஆர்டர் வைத்திருக்கிற ஆச்சி முதலில் வாருங்கள். மெஷின் கொட்டேஷன் இருக்கிறவர்கள் அடுத்து. மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறவர்கள் கடைசியில் நிதானமாக வாருங்கள். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.